தேய்மானமும் திருத்தமும்: பழைய கடைசல் யந்திரமொன்றைச் சீர்செய்த பாடம்

உராய்வன யாவும் தேய்வன. தேயிலைத் தோட்டங்களிற் பிறந்து வளர்ந்த நமக்கு இவ்வுண்மையை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. மலைநாட்டுத் தொழிற்சாலைகளிலே யந்திரங்களைக் காக்கும் தெய்வமாக ரோதமுனியை வைத்து வழிபட்டனர் நம் முன்னோர். ரோதை என்பது சக்கரம். போர்த்துக்கேய மொழியிலிருந்து இலங்கைத் தமிழுக்கு வந்து சேர்ந்த சொல். சக்கரம் நின்றால் வேலை நிற்கும். வேலை நின்றாற் கூலியும் நிற்கும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். ஆயின், கற்பூரம் அணைந்தபின் எண்ணெய்க் குப்பியோடும் திருகுசாவியோடும் சக்கரத்தின் அருகே சென்றவர் தொழிற்சாலைப் பிட்டரேயாவார். அவருடைய கையிலிருந்த அறிவின் ஒரு சிறு பகுதியை எழுத்திலே பதிந்து வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இறம்பொடையிலே ஒரு வீட்டுப் பட்டறையிற் கிடந்த பழைய கடைசல் யந்திரத்தை யாம் சிலர் கூடிச் சீர்செய்தோம். அதை எவ்வாறு செய்தோம், எங்கே பிழைத்தோம், என்ன கற்றோம் என்பவற்றைப் பழைய மாணவருக்கும், ஆசிரியருக்கும், சிறப்பாக இன்று தொழினுட்பம் பயிலும் மாணவருக்கும் இங்கே எடுத்துரைப்போம்.

கடைசல் யந்திரமும் தேயிலையும்

லேத் எனப் பலரும் வழங்கும் கடைசல் யந்திரத்திலே வேலைப்பொருள் சுழலும். கூரிய உளி அசையாது பிடிக்கப்பட்டு மெல்ல நகர்ந்து அதனைச் செதுக்கும். குயவனின் சக்கரத்திற்குச் சுற்றத்தவன் என்று சொல்லலாம். 1800ஆம் ஆண்டளவில் இலண்டனிலே ஹென்றி மோட்ஸ்லி என்பார் உளியை மனிதன் கையிலிருந்து எடுத்து, உலோகச் சறுக்கியிலே பொருத்தி, திருகுத்தண்டினால் அதை ஓட்டினார். அன்று முதல் ஒரே அளவான திருகுகளை வேண்டியவாறு கடைந்துகொள்ள முடிந்தது. மற்றைய யந்திரங்களை ஆக்கும் யந்திரம் என்று இது பெயர்பெற்றதும் இதனாலேயே.

இலங்கைத் தேயிலையின் வரலாற்றிலும் இதற்கு இடமுண்டு. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலையைப் பயிரிட்டபோது, கொழுந்து கையினாலேயே உருட்டப்பட்டது. 1880 இல் ஜோன் வாக்கர் கம்பனியார் இந்நாட்டிலேயே உருட்டும் யந்திரத்தைச் செய்தனர். இத்தகைய ரோலரிலே, வாடிய கொழுந்து நிரம்பிய உருளைப் பெட்டி, பித்தளைச் சட்டங்கள் பதித்த மேசையின்மீது கிராங்குகளினால் வட்டமாக ஓட்டப்படுகின்றது. கிராங்குத் தண்டு உருக்கு. அது சுழலும் புஷ் வெண்கலம். மென்மையான வெண்கலம் தான் தேய்ந்து, விலையுயர்ந்த உருக்குத் தண்டைத் தேயாமற் காக்கின்றது. எது தேயவேண்டும் என்பதை ஆக்குவோன் முன்னரே முடிவு செய்து வைத்திருக்கின்றான். இதனை வாசகர் மனத்திற் கொள்க, பின்னர் பயன்படும்.

இரவிலே அந்தப் புஷ் தேய்ந்து ரோலர் நின்றுவிட்டால், வாடிய கொழுந்து விடியும்வரை காத்திராது. ஆதலாற் பல தொழிற்சாலைகளோடு ஒரு பட்டறையும், அதிலே ஒரு கடைசல் யந்திரமும் இருந்தன. பிட்டர் அவ்விரவிலேயே புதிய புஷ்ஷைக் கடைந்து மாட்டிவிடுவார்.

யந்திரம் நம் கைக்கு வந்த வகை

நுவரெலியா வீதியிலே, 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் இறம்பொடை நீர்வீழ்ச்சிக்குச் சற்றுத் தொலைவில், ஓய்வுபெற்ற பிட்டர் ஒருவர் வாழ்கின்றார். வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையிலே, மரமேசையின்மீது, சாக்கினால் மூடப்பட்டுக் கிடந்தது அவருடைய சிறிய கடைசல் யந்திரம். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இங்கிலாந்திலே வீட்டுப் பட்டறைகளுக்கென வந்த மைபோர்ட் எம்.எல்.7 போன்ற மூன்றரை அங்குல வகையைச் சேர்ந்தது அது. சுழலச்சின் நடு, படுகையிலிருந்து மூன்றரை அங்குல உயரத்தில் இருப்பதால் அப்பெயர்.

2022 இல் வெளிநாட்டு நாணயத் தட்டுப்பாடு நாட்டை வாட்டியபோது, உதிரிப் பாகங்களை வெளிநாட்டிலிருந்து தருவிப்பது கனவாயிற்று. இந்த யந்திரமோ கடைந்ததைக் கூம்பாக்கியது. உளி அதிர்ந்து மேற்பரப்பிலே வரிவரியாய்த் தடம் விட்டது. பழைய இரும்பு வாங்குபவர் கிலோக் கணக்கில் விலை பேசிச் சென்றிருந்தார். பெரியவரும் ஏறக்குறைய இசைந்துவிட்டார். அவருடைய பேரன், தொழினுட்பத் துறையிற் பயிலும் மாணவன், எம்மிடம் வந்து, “தாத்தா அதை வித்துட்டா அப்புறம் நான் எதிலே கத்துக்கிறது?” என்று கேட்டான். அக்கேள்வியே எம்மை அக்கொட்டகைக்கு அழைத்துச் சென்றது.

முதற் பாடம்: அளவாமல் எதனையும் தொடாதே

தேய்ந்த யந்திரத்தைக் கண்டதும் திருகுகளை இறுக்கத் தொடங்குவது மனித இயல்பு. அது பெரும் பிழை. யந்திரத்திலே தேயும் இடங்கள் பல. காட்டும் குறியோ ஒன்றுபோலவே இருக்கும். கூம்பாகக் கடைந்தால், சுழலச்சின் தாங்கி தேய்ந்திருக்கலாம்; படுகை தேய்ந்திருக்கலாம்; ஒன்றுமே தேயாமல் மேசை மட்டும் முறுகியிருக்கலாம். ஆதலால் நோயை அறிந்த பின்னரே மருந்து.

முதலில் மேசையைப் பார்த்தோம். படுகை வார்ப்பிரும்பாயினும், கால்கள் சமமற்ற பலகையிலே இறுக்கப்பட்டால் அது சிறிது முறுகும். இறம்பொடை மழைக்கும் மூடுபனிக்கும் பெயர்போன இடம். ஈரத்தில் மரம் ஊதும், வெயிலிற் சுருங்கும். உணர்வுமிக்க மட்டப்பளிங்கைப் படுகையின் குறுக்கே இரு முனைகளிலும் வைத்துப் பார்த்தபோது குமிழி இருவேறு இடங்களில் நின்றது. ஒரு காலின் கீழே மெல்லிய தகடுகளை வைத்து, இரு முனைகளிலும் குமிழி ஒரே இடத்தில் நிற்கும்வரை சரிசெய்தோம்.

அடுத்து இரு வளையச் சோதனை. ஓர் அங்குலத் தடிப்பான உருக்குக் கம்பியைச் சக்கிலே பிடித்து, மறுமுனைக்கு ஆதாரம் கொடாமல், நான்கு அங்குல இடைவெளியில் இரு வளையங்கள் எஞ்சுமாறு இடைப்பகுதியைக் கடைந்துகொள்ள வேண்டும். பின்னர் உளியை மாற்றாமல் இரு வளையங்களையும் மிக மெல்லியதாக ஒருமுறை கடைந்து, மைக்கிரோமீற்றரால் விட்டங்களை அளக்க வேண்டும். இரண்டும் ஒத்திருந்தால் யந்திரம் நேராக ஓடுகின்றது. மேசையைத் திருத்துமுன் எமக்குக் கிடைத்த வேறுபாடு ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஆறு பங்கு. திருத்திய பின்னர் மூன்று பங்கு. தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய மூன்று பங்கு என்றால் அளவு விளங்கும். நோயின் பாதி மரமேசையிலே இருந்தது. யந்திரத்தின்மீது வீண்பழி சுமத்தியிருந்தோம்.

இரண்டாம் பாடம்: சுழலச்சின் தாங்கிகள்

சக்கைத் தாங்கிச் சுழலும் தண்டு இரு தாங்கிகளிலே கிடக்கின்றது. இவ்வகைப் பழைய யந்திரங்களிலே தாங்கியின் உட்புறம் வெள்ளை உலோகத்தாலானது. பெருமளவு வெள்ளீயமும், சிறிதளவு அந்திமனியும் செம்பும் கலந்த இவ்வுலோகத்தை 1839 இல் அமெரிக்கராகிய ஐசாக் பாபிற் உருவாக்கினார். இதனால் இதனைப் பாபிற் உலோகம் எனவும் வழங்குவர்.

அளக்கும் முறை எளிது. முள் நகர்ந்து அளவு காட்டும் டயல் மானியைப் படுகையிலே நிறுத்தி, அதன் முனை சுழலச்சின்மேற் படுமாறு வைத்து, சக்கிற் பிடித்த கம்பியை மரத்தடியொன்றினால் மெல்ல மேலே நெம்ப வேண்டும். முள் நகர்வதே தாங்கியின் இடைவெளி. நாம் கண்டது ஆயிரத்தில் நான்கு பங்கு. தாங்கியின் மூடிக்கும் கீழ்ப்பாகத்திற்கும் இடையே இருபுறமும் மெல்லிய தகடுகள் உள்ளன. இருபுறமும் சம அளவாக, ஆயிரத்தில் மூன்று பங்குத் தடிப்பான தகட்டை நீக்கினோம். எஞ்சிய ஒரு பங்கு எண்ணெய்க்கு உரிய இடம். அதனையும் நீக்க ஆசைப்படுவோன் தாங்கியை எரித்துவிடுவான். ஏனெனில் தண்டு உலோகத்தின்மீதன்று, எண்ணெய்ப் படலத்தின்மீதே மிதந்து சுழல்கின்றது. அரைமணி நேரம் மெதுவாக ஓடவிட்டுத் தாங்கியைக் கையால் தொட்டுப் பார்த்தோம். இளஞ்சூடு மட்டுமே இருந்தது.

வெள்ளை உலோகம் முற்றாகத் தேய்ந்திருந்தால் உருக்கி மறுபடி வார்க்க வேண்டும். காய்ந்த மரக்குச்சியை உருகிய உலோகத்தில் விட்டால் அது கருகும் பதமே வார்க்கும் பதம் என்பர் பழைய பிட்டர்கள். ஆயின் ஓர் எச்சரிக்கை: வார்க்கும் அச்சிலோ, களிமண் அணையிலோ சிறிது ஈரமிருந்தாலும் நீர் நீராவியாகி உருகிய உலோகத்தை முகத்திலே தெறிக்கச் செய்யும். மழைநாட்டிலே இதனை மறத்தலாகாது. அனைத்தையும் நன்கு சூடேற்றி உலர்த்திய பின்னரே வார்த்தல் வேண்டும். காற்றோட்டமும் கண்காப்பும் இன்றியமையாதன.

மூன்றாம் பாடம்: சறுக்கிகள்

இங்கேதான் யாம் பிழைத்தோம். உளியைக் குறுக்கே நகர்த்தும் சறுக்கி, படுகைமீது ஓடும் வண்டியின்மேல் இருக்கின்றது. அது ஆடாதிருக்க அதன் ஒரு பக்கத்திலே ஜிப் என்னும் மெல்லிய தகடும், அதனை அழுத்தச் சிறு திருகுகளும் உள்ளன. சறுக்கி ஆடியது, யாம் திருகுகளை இறுக்கினோம். நடுவிலே ஆட்டம் நின்றது. பெருமிதத்தோடு கைப்பிடியைச் சுழற்றினோம். சறுக்கி முனைக்குச் சென்று இறுகி நின்றுவிட்டது. வலிந்து சுழற்றியதில் ஜிப் திருகொன்று முறிந்தது. அதுவரை முக்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: “இறுக்காதீங்க தம்பி. நடுவிலேதான் தேய்ஞ்சிருக்கு, ரெண்டு முனையும் புதுசு மாதிரியே இருக்கு. நீங்க புதுசைப் போட்டு நெரிக்கிறீங்க.”

இந்த ஒரு சொல்லே இக்கட்டுரையின் உயிர். தேய்மானம் எங்கும் ஒருசீராக நிகழ்வதில்லை. அதிகம் உழைத்த இடமே அதிகம் தேயும். சறுக்கியின் நடுப்பகுதியும், படுகையிலே சக்குக்கு அண்மையான பகுதியும் நாள்தோறும் உழைத்தவை. முனைகளோ வேலை காணாதவை. பள்ளமான இடத்திற்கேற்ப இறுக்கினால் மேடான இடம் சிக்கும். மேட்டிற்கேற்பத் தளர்த்தினாற் பள்ளத்தில் ஆடும். ஆதலால் திருத்தம் என்பது இறுக்குதல் அன்று. மேட்டைப் பள்ளத்தின் மட்டத்திற்குக் கொண்டுவருதலே.

அதற்குரிய கருவி சுரண்டி. சமதளத் தட்டின்மீது புறூசிய நீலச்சாயத்தை மிக மெல்லியதாகத் தடவி, சறுக்கியை அதன்மீது வைத்து மெல்ல அசைத்து எடுத்தால், மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டும். அந்நீலப் புள்ளிகளை மட்டும் கூரிய சுரண்டியினாற் சுரண்ட வேண்டும். ஒருமுறை சுரண்டினால் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவாகவே உலோகம் போகும். மறுபடி சாயம், மறுபடி சுரண்டல். ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் பரவலாகத் தோன்றினாற் போதும். சுரண்டிய சிறு பள்ளங்கள் எண்ணெயைத் தாங்கி நிற்பது மேலதிக நன்மை.

சமதளத் தட்டு சமமென்று எப்படி அறிவது? 1840 இல் கிளாஸ்கோ நகரிலே அறிஞர் சபையின் முன் ஜோசப் விற்வேர்த் இதனை விளக்கினார். இரு தட்டுகளை ஒன்றோடொன்று பொருத்தினால், ஒன்று குவிந்தும் மற்றது குழிந்தும் இருந்தாலும் அவை ஒத்துப்போகும், நாம் ஏமாறுவோம். மூன்று தட்டுகளை மாறிமாறி ஒன்றோடொன்று பொருத்தினால், மூன்றும் சமதளமானால் மட்டுமே எல்லாம் ஒத்துப்போகும். இருவர் ஒத்துப்பேசினாற் பொய்யும் மெய்யாகலாம். மூன்றாம் சாட்சி வந்தாற் பொய் வெளிப்படும். எமது சிறிய சறுக்கிக்குத் தடித்த கண்ணாடித் துண்டொன்றையே தட்டாகக் கொண்டோம். அவ்வளவிற்கு அது போதியதாயிற்று.

சிலர் வால்வுகளுக்கு இடும் உராய்வுப் பசையைச் சறுக்கியிலே பூசி முன்னும் பின்னும் ஓட்டித் தேய்த்துவிடலாம் என்பர். அது செய்யத்தகாதது. பசையிலுள்ள கூர்மணிகள் வார்ப்பிரும்பிலே பதிந்து நின்று, அதன் பின்னரும் இடைவிடாது தேய்த்துக்கொண்டே இருக்கும்.

படுகையைச் சுரண்டுவது வீட்டிலே இலகுவான காரியமன்று. அங்கே வேறொரு வழியைக் கைக்கொண்டோம். வண்டியை நேராகச் செலுத்திய பக்கங்கள் இரண்டும் முன்புறத் தண்டவாளத்திலேயே இருந்தன. அதன் உட்பக்கமே மிகத் தேய்ந்திருந்தது. பின்புறத் தண்டவாளத்தின் வெளிப்பக்கமோ ஒருநாளும் உராய்வைக் கண்டதில்லை. வண்டியின் பின்புறத்தில் ஒரு சட்டத்தைப் பொருத்தி, அந்தத் தேயாத பக்கத்தோடு உராய்ந்து ஓடச் செய்தோம். இது எமது கண்டுபிடிப்பன்று. இங்கிலாந்தின் வீட்டுப் பட்டறைக்காரர் பலர் கையாண்ட முறை. 1898 இல் தொடங்கிய ‘மொடல் எஞ்சினியர்’ சஞ்சிகையைச் சுற்றி வளர்ந்த அக்கூட்டத்தார் தம் அனுபவங்களை அச்சிலே பகிர்ந்துகொண்டதனால், அவர்கள் கற்றது இன்று இறம்பொடைக்கும் உதவுகின்றது. நம் பிட்டர்களுக்கு அத்தகைய சஞ்சிகை வாய்க்கவில்லை.

நான்காம் பாடம்: திருகும் மரையும்

குறுக்குச் சறுக்கியின் கைப்பிடியை மறுதிசையிற் சுழற்றினால், ஏறக்குறைய மூன்றிலொரு சுற்று வரை சறுக்கி நகரவேயில்லை. திருகிலே அங்குலத்திற்குப் பத்துப் புரிகள். ஆகவே ஒரு சுற்று ஆயிரத்தில் நூறு பங்கு. வெற்றுச் சுழற்சி முப்பத்துமூன்று பங்கு. கேட்போர் அஞ்சுவர், உண்மையில் இதுவே எல்லாவற்றிலும் தீங்கு குறைந்த தேய்மானம். எப்போதும் ஒரே திசையிலிருந்து சுழற்றி அளவை அடைந்தால், வெற்றுச் சுழற்சி அளவைக் கெடுக்காது. ஆதலாற்றான் இதனைக் கடைசியாக வைத்தோம்.

திருகு உருக்கு, மரை வெண்கலம். ரோலரின் புஷ்ஷைப் போலவே, தேயவேண்டிய பாகமாக இங்கே மரையே அமைக்கப்பட்டிருந்தது. திருகை முனையிலும் நடுவிலும் அளந்தோம். வேறுபாடு மிகச் சிறிது. ஆதலால் மரையை மட்டும் புதிதாக்கினாற் போதும். நடு மிகத் தேய்ந்த திருகாயின், புதிய மரை தேயாத முனையிற் சிக்கும். அப்போது திருகையும் மாற்றவேண்டியதே.

புதிய மரையை எங்கே செய்வது? அதே யந்திரத்திலேதான். கேட்போருக்கு வியப்பாயிருக்கும். ஆயினும், புரி வெட்டும்போது வண்டியை ஓட்டுவது நீண்ட திருகுத்தண்டும் பற்சக்கரங்களும். குறுக்குத் திருகு உளியைச் சிறிது சிறிதாக ஒரே திசையில் உள்ளே செலுத்த மட்டுமே பயன்படுகின்றது. ஆகையால் தேய்ந்த மரை தனக்குப் பின்வரும் மரையை ஆக்கிவிட்டே ஓய்வு பெறலாம். கழற்றிய பழைய மரையை எறிந்துவிட்டிருந்தால் அன்றே யந்திரம் முடங்கியிருக்கும். நல்லவேளையாக அதனைப் பேரன் எடுத்து வைத்திருந்தான். இவ்வகை யந்திரங்களிலே குறுக்குத் திருகு இடப்புரியானது என்பதையும் மாணவர் கவனிக்க. கைப்பிடியை வலஞ்சுழியாகச் சுழற்றும்போது சறுக்கி வேலைப்பொருளை நோக்கிச் செல்லவேண்டும் என்பதே காரணம். பழைய மரையை மீண்டும் பூட்டி, வெண்கலத் துண்டொன்றைத் துளைத்து, உட்புரி வெட்டி, திருகையே அளவுகோலாக இட்டுப் பார்த்துப் பொருத்தினோம்.

பேணும் முறை

நம் மலையின் ஈரக்காற்று ஓரிரவிலே வார்ப்பிரும்பைத் துருப்பிடிக்கச் செய்யவல்லது. வேலை முடிந்ததும் துகள்களைத் தூரிகையாற் களைந்து, படுகையைத் துடைத்து, எண்ணெய் பூசுக. ஈரத்தை உறிஞ்சும் சாக்கினால் மூடாதீர். மெல்லிய எண்ணெய்த் துணியே நன்று. வண்டியின் முன்னும் பின்னும் கம்பளித் துண்டுகளைப் பொருத்தினால் துகள்கள் அடியிலே புகா. பெருமழைக் காலம் முடிந்ததும் மேசையின் மட்டத்தை மீண்டும் பார்க்க. சுழலும் யந்திரத்தின் அருகே தொங்கும் சட்டைக்கையும் கையுறையும் ஆகா. சக்கின் சாவியை ஒருகணமும் சக்கிலே விட்டு வைக்காதீர். எந்தப் பாகத்தைக் கழற்றுமுன்னும் மின்னிணைப்பை நீக்குக.

பெற்ற பயன்

எல்லாம் முடிந்தபின் இரு வளையச் சோதனையை மறுபடி செய்தோம். வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்கினுங் குறைந்தது. யந்திரம் புதியதாகிவிடவில்லை, சக்குக்கு அண்மையிலே படுகையின் மேற்பரப்பில் இன்னும் சிறு பள்ளமுண்டு. அதனை அறிந்து வேலை செய்யும் கைக்கு அது தடையன்று. முதல் வேலையாக, அயலிலுள்ள மரக்கறித் தோட்டக்காரர் ஒருவரின் நீர்ப்பம்பிக்கு வெண்கலப் புஷ் கடைந்து கொடுத்தான் அப்பேரன். பழைய இரும்பு வாங்குபவர் மறுபடி வந்தபோது, பெரியவர் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஆயினும் ஒரு கவலை எஞ்சுகின்றது. பெரியவரின் பார்வை மங்கிவருகின்றது. சுரண்டிய பரப்பை அவர் விரல் நுனியால் தடவியே மேடு பள்ளம் சொல்கின்றார். அவ்வறிவு எந்த நூலிலும் இல்லை. பேரன் இப்போது பயிற்சிப் புத்தகமொன்றிலே அவர் சொல்வனவற்றைத் தேதியிட்டு எழுதிவருகின்றான். யந்திரத்தின் தேய்மானத்தை அளந்து திருத்த வழியுண்டு. எழுதி வைக்கப்படாத அறிவு தேய்ந்தால் அதற்கு உதிரிப்பாகம் எங்குமில்லை. நம் பழைய மாணவருள் தோட்டப் பட்டறைகளிலே உழைத்தோரும், உழைத்தோரின் மக்களும் பலர். அவர்கள் தம் இல்லத்து மூத்தோரிடம் கேட்டறிந்தவற்றை எழுதிக் கல்லூரி நூலகத்திற்கு அளிப்பாராயின், வருங்கால மாணவருக்கு அதனினும் நற்கொடை வேறில்லை. கேட்கச் செல்லும் மாணவர் ஒரு பயிற்சிப் புத்தகத்தையும் பென்சிலையும் மறவாது கொண்டு செல்க.